பரணிலிருந்து இறங்கிய பிஎஸ்2: சிப் இல்லாமல், ஒரு மெமரி கார்டில் திறப்பது எப்படி

அக்கா வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தார்கள். பழைய குக்கர், உடைந்த டேபிள் ஃபேன், அவற்றுக்கு நடுவே என்னுடைய பிஎஸ்2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டி. 2007-ல் சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அக்கா மகன் அதைத் துணிப்பையில் போட்டு நேரே என் செல்போன் சர்வீஸ் கடைக்கு எடுத்து வந்துவிட்டான்.

"மாமா, ஆன் ஆகுது. ஆனா எந்த டிஸ்க் போட்டாலும் சுத்திட்டே இருக்கு."

"லென்ஸ் போயிருக்கும் மாப்ள. டிஸ்க்கே இல்லாம ஓட வெச்சுடலாம்."

"ஹேக் பண்ணியா? அது திருட்டு இல்லையா?"

அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவன். கேம் என்றால் தள்ளுபடிக்குக் காத்திருந்து காசு கொடுத்து வாங்குவான். அவன் வயதில் நான் வாங்கிய ஒவ்வொரு கேமும் பிளாட்பாரத்தில் 60 ரூபாய்க் காப்பி. ஆகவே அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. வேலையை ஆரம்பித்துவிட்டேன், போகப் போகப் பேசிக்கொண்டோம். செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன், பேச்சும் ஊடே வரும்.

கன்சோலைத் திருப்பிப் பாருங்கள்

அடியில் அல்லது பின்னால் ஒரு லேபிள் இருக்கும். எஸ்சிபிஎச் என்று தொடங்கி ஐந்து இலக்க எண். 30000, 39000, 50000 என்றால் குண்டு மாடல். 70000-ல் இருந்து 90000 வரை ஒல்லி மாடல். என்னுடையது 77004. கடைசி இலக்கம் எந்த வட்டாரத்துக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். 4 என்றால் ஐரோப்பா, அதாவது பிஏஎல் (PAL) முறை டிவிக்கானது.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், நாம் செய்யப்போகும் முறை 90000 வரிசையின் பிந்தைய கன்சோல்களில் வேலை செய்யாது. ஏறக்குறைய 2008-ன் பிற்பகுதியில் இருந்து வந்தவற்றில் சோனி உள்ளே இருக்கும் பூட் ரோமை, அதாவது ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரந்தரப் புரோகிராமை மாற்றி, இந்த வாசலை அடைத்துவிட்டது. அவற்றுக்கு ஓப்பன்டூனா என்று வேறொரு வழி உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் மெமரி கார்டில் வைத்து ஓட்டும் ஃப்ரீ மெக்பூட் என்ற இலவசப் புரோகிராம் போதும். சுருக்கமாக எஃப்எம்சிபி என்பார்கள். 2008-ல் வந்தது, இன்றும் அதற்கு மாற்றுத் தேவைப்படவில்லை.

ஆன் செய்வதற்கு முன் அடாப்டரையும் பாருங்கள். 90000-க்கு முந்தைய ஒல்லி மாடலுக்குத் தேவை 8.5 வோல்ட். வீட்டில் கிடக்கும் ரூட்டர் அடாப்டர் 12 வோல்ட், முனையும் சில சமயம் அப்படியே பொருந்தித் தொலையும். அப்படி ஒன்று போன வருடம் என் மேசைக்கு வந்தது. போர்டைத் திறந்தவுடன் கருகிய வாசனை. சும்மா இருந்த கன்சோல், பாவம்.

சிப் இருந்தால்

என்னுடையதில் இருந்தது. வாங்கிய மூன்றாம் மாதமே பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்து காப்பி டிஸ்க் ஓடுவதற்காக 1,200 ரூபாய்க்குச் சிப் போட்டேன். அந்தக் காலத்தில் பிஎஸ்2 வாங்கினால் அடுத்து சிப் போடுவது என்பது பைக் வாங்கினால் சீட் கவர் போடுவது மாதிரி. யாரும் யோசிக்கக்கூட மாட்டோம்.

இப்போதுதான் அதை முதன்முறையாக உள்ளே பார்க்கிறேன். நகக்கண் அளவு ஒரு பச்சைப் பலகை. அதிலிருந்து தலைமுடி போல இருபது சொச்சம் நீல வயர்கள், போர்டில் ஊசிமுனை அளவுப் புள்ளிகளுக்குப் போகின்றன. இரண்டு வயரை நீளம் போதாமல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே குளு கன்னால் ஒரு பெரிய உருண்டை. ஒரு புள்ளியில் ஈயம் பக்கத்துக் காலைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

மாப்ள எட்டிப் பார்த்தான். "இவ்ளோ வயர் எதுக்கு மாமா? டிஸ்க்கை டீக்ரிப்ட் பண்றதுக்கா?"

இல்லை. இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பிஎஸ்2 டிஸ்க்கில் உள்ள கேம் சங்கேதமாக்கப்படவில்லை. சாதாரண கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் போட்டால் ஃபைல்கள் அப்படியே தெரியும், அப்படியே காப்பி எடுக்கலாம். ஒரிஜினல் டிஸ்க்கில் ஆலையில் அச்சிடும்போது ஒரு அடையாளம் வைக்கிறார்கள். நம் வீட்டு டிரைவால் அந்த அடையாளத்தை எழுத முடியாது. கன்சோல் முதலில் அதைத் தேடும், இல்லை என்றால் கேமைத் தொடாது. 'அடையாளம் இருக்கிறது' என்று கன்சோலின் காதில் பொய் சொல்வதுதான் சிப்பின் வேலை.

ஆக, அந்தப் பூட்டு காப்பி எடுப்பதைத் தடுக்கவே இல்லை. எடுத்த காப்பியை ஓட்டுவதைத்தான் தடுத்தது. இது வெறும் வாய்வாதம் இல்லை, கோர்ட் வரை போன விஷயம். சிட்னியில் சிப் போட்டுக் கொடுத்த ஒருவர் மீது சோனி தொடுத்த வழக்கில், 2005 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஹைகோர்ட், அதாவது அந்த நாட்டின் கடைசிக் கோர்ட், ஏறக்குறைய இந்தக் காரணத்தைச் சொல்லியே சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வருடம், 2004-ல், இங்கிலாந்து ஹைகோர்ட்டில் பிஎஸ்2-வுக்கான மெசையா சிப் பற்றிய வழக்கில் தீர்ப்பு நேர்மாறாக வந்தது. அங்கே சிப் விற்றவர் தோற்றார். இரண்டு கோர்ட், கிட்டத்தட்ட ஒரே பூட்டு, இரண்டு பதில். பிறகு ஆஸ்திரேலியா தன் சட்டத்தையே மாற்றிவிட்டது என்பது வேறு கதை.

நான் சிப்பைக் கழற்றினேன். மெல்லிய முனை சால்டரிங் அயர்ன், நிறைய ஃப்ளக்ஸ், ஒரு மணி நேரம். உங்களுக்கு இதில் பழக்கம் இல்லை என்றால் தொடாதீர்கள், சிப் இருந்தாலும் பெரும்பாலும் எஃப்எம்சிபி ஓடிவிடும். ஓடாமல் மோதினால்தான் தெரிந்த ஆளிடம் கொண்டுபோக வேண்டும்.

கார்டு தயார் செய்வது

எஃப்எம்சிபி கன்சோலுக்குள் எதையும் எழுதுவதில்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பிஎஸ்2 எழும்போதே மெமரி கார்டில் சிஸ்டம் அப்டேட் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கும். சோனியே வைத்த பழக்கம். நாம் அந்த அப்டேட்டின் இடத்தில் நம்முடைய புரோகிராமை வைக்கிறோம். கார்டை உருவிவிட்டால் கன்சோல் கடையில் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே ஆகிவிடும். செல்போன் ரூட் செய்து செங்கல்லாக்கிய கதைகளைத் தினமும் பார்க்கிற எனக்கு, இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

கார்டு சோனியின் 8 எம்பி கார்டாக இருக்கட்டும். மேலே மேஜிக்கேட் என்று அச்சிட்டிருக்கும், சோனியின் பாதுகாப்பு முறையின் பெயர் அது. 64 எம்பி, 128 எம்பி என்று விற்கும் மலிவுக் கார்டுகளில் சில மேஜிக்கேட்டையே அறியாது. எழுதியது போலக் காட்டும், மறுநாள் காலி.

இப்போது ஒரு கோழி முட்டைச் சிக்கல். கார்டில் எஃப்எம்சிபி போட, முதலில் கன்சோலில் அதன் இன்ஸ்டாலரை ஓட்ட வேண்டும். ஆனால் கன்சோல் சோனி அடையாளம் இல்லாத எதையும் ஓட்டாது. மூன்று வழி இருக்கிறது.

உங்கள் லென்ஸ் நன்றாக இருந்து, கன்சோல் ஒல்லி மாடலாகவும் இருந்தால் ஃப்ரீடிவிடிபூட் எளிது. 2020-ல் வந்தது. கன்சோலின் டிவிடி பிளேயரில் இருக்கும் ஒரு ஓட்டையைப் பயன்படுத்துகிறது. ஒல்லி மாடல்களுக்கென்று இருக்கும் இமேஜை, அதாவது டிஸ்க்கின் நகல் ஃபைலை இறக்கி, வெற்று டிவிடி-ஆரில் குறைந்த வேகத்தில், 4எக்ஸ் போல, எழுதி, ஃபைனலைஸ் செய்யுங்கள். கன்சோலின் மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும், இல்லை என்றால் திரை அப்படியே நின்றுவிடும். உள்ளே இருக்கும் காசு பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் மொழியும் தேதியும் கேட்கும். அலட்சியமாக எக்ஸை அமுக்கிக்கொண்டே போகாமல் ஒரு நொடி பாருங்கள். டிஸ்க் படம் போல ஓடத் தொடங்கி, அப்புறம் யூலாஞ்ச்எல்ஃப் என்ற ஃபைல் மேலாளர் திறக்கும். அங்கிருந்து பென்டிரைவில் வைத்திருக்கும் எஃப்எம்சிபி இன்ஸ்டாலரை ஓட்டலாம்.

லென்ஸ் போயிருந்தால், ஏற்கெனவே எஃப்எம்சிபி உள்ள ஒரு நண்பரின் கார்டு வேண்டும். அதை முதல் ஸ்லாட்டிலும் உங்கள் கார்டை இரண்டாவதிலும் போட்டு, இன்ஸ்டாலரில் இரண்டாவதைத் தேர்வு செய்யுங்கள். நான் இப்படித்தான் செய்தேன். வேறொரு கன்சோலில் வைத்துச் செய்தால், ஒரே வட்டாரத்தின் எல்லா மாடலுக்கும் என்ற தேர்வை எடுங்கள். மல்டி இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். கார்டின் ஃபைல் அமைப்பையே அது வேண்டுமென்று திருகிவைக்கிறது, பின்னால் எதையாவது அழிக்கப்போனால் எல்லாம் போகும்.

மூன்றாவது, தயாராகப் போட்ட கார்டையே ஆன்லைனில் வாங்குவது. எஃப்எம்சிபி இலவசமாக வெளிவந்த சாஃப்ட்வேர். கார்டுக்கும் போட்டுக் கொடுத்த உழைப்புக்கும் காசு வாங்கினால் எனக்கு வருத்தம் இல்லை. 'எங்கள் தயாரிப்பு' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

எல்லாம் சரியாக நடந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது பழைய மெனுவுக்குள் புதிய வரிகள் தெரியும். யூலாஞ்ச்எல்ஃப் அதில் ஒன்று. முதலில் அதைத் திறங்கள், கேமுக்கு அப்புறம் போகலாம்.

முதல் வேலை: பழைய சேவ்

பரணில் கன்சோலோடு என் பழைய மெமரி கார்டும் கிடந்தது. அதை இரண்டாவது ஸ்லாட்டில் செருகி, யூலாஞ்ச்எல்ஃபில் எம்சி1 என்பதைத் திறந்தோம். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும், அதனால் இரண்டாவது ஸ்லாட்தான் எம்சி1. ஒவ்வொரு கேமின் சேவும், அதாவது எதுவரை ஆடினோம் என்ற பதிவும், ஒரு ஃபோல்டர். பக்கத்தில் தேதி. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், 2009 ஏப்ரல். அது பிளஸ் டூ முடிந்த லீவு.

ஃபோல்டர் மேல் நின்று ஆர்1 அமுக்கினால் சின்ன மெனு வரும். காப்பி கொடுத்து, பென்டிரைவுக்குப் போய், மறுபடி ஆர்1 அமுக்கிப் பிஎஸ்யூ பேஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சேவ் ஒரே ஃபைலாகப் பென்டிரைவில் விழும், கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தலாம். ஒரு நிமிட வேலை. அந்தக் கார்டு எப்போது சாகும் என்று தெரியாது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

"இதை சோனி குடுத்திருக்கலாம்ல மாமா? என் சேவை நானே காப்பி எடுக்கிறதுக்கு ஏன் ஹேக் பண்ணணும்?" என்றான். கேள்வி வேறு பக்கம் திரும்பிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹோம்ப்ரூ என்றால் அடிப்படையில் இதுதான். கம்பெனி எழுதாத, கம்பெனியிடம் அனுமதி வாங்காத புரோகிராமை நம் பெட்டியில் ஓட்டுவது. சோனிக்கே ஒரு காலத்தில் இதில் ஆசை இருந்தது. 2002-ல் அமெரிக்காவில் பிஎஸ்2-வுக்கு லினக்ஸ் கிட் விற்றார்கள்: 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் அடாப்டர், எல்லாம் சேர்த்து 199 டாலர். வீட்டில் உட்கார்ந்து பிஎஸ்2-வுக்குப் புரோகிராம் எழுதலாம். எங்கள் ஊர்ப் பக்கம் அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இன்று பிஎஸ்2எஸ்டிகே என்ற இலவசக் கருவித் தொகுப்பை வைத்து அதே வேலையை யாரும் செய்யலாம். மாப்ளயிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். திரையில் ஒரு முக்கோணம் வரவைத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான்.

டிஸ்க் மேசைக்கு வர வேண்டும்

கேமை டிஸ்க் இல்லாமல் ஓட்ட ஓப்பன் பிஎஸ்2 லோடர், அதாவது ஓபிஎல் வேண்டும். இது கன்சோலின் டிஸ்க் டிரைவ் போல நடித்து, பென்டிரைவில் இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலிலிருந்து, அதாவது டிஸ்க்கின் முழு நகலிலிருந்து, கேமைக் கொடுக்கும். லென்ஸ் செத்திருந்தாலும் கவலை இல்லை.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐஎஸ்ஓ எங்கிருந்து வந்தது என்று ஓபிஎல் கேட்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கின் நகலா, எங்கோ இறக்கியதா, அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஹோம்ப்ரூவா பைரசியா என்று ஆண்டுக்கணக்கில் நடக்கும் சண்டை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. ஒரு பக்கம், 'கருவிக்கு என்ன தெரியும், ஆளைப் பார்' என்கிறது. மறுபக்கம், 'நூறு பேர் கையில் கொடுத்தால் தொண்ணூறு பேர் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று உனக்குத் தெரியாதா' என்கிறது. எனக்குத் தெரியும். என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தே தெரியும்.

அதனால் என் கடையில் ஒரு வழக்கம். டிஸ்க் மேசைக்கு வர வேண்டும். வந்தால் நகல் எடுத்துத் தருவேன், டிஸ்க் உங்களோடு திரும்பிப் போகும்.

நகல் எடுப்பது இப்படி. டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், யூஎஸ்பி டிரைவும் சரிதான். முதலில் டிஸ்க்கைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளி நிறம் என்றால் டிவிடி. நீலம் என்றால் சிடி, ஆரம்பகால பிஎஸ்2 கேம்கள் பல அப்படி. கறுப்பாக இருந்தால் அது பிஎஸ்1 டிஸ்க், இந்த வழியில் ஓடாது.

டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் இம்ஜ்பர்ன் என்ற புரோகிராமைத் திறந்து, டிஸ்க்கிலிருந்து இமேஜ் உருவாக்கும் தேர்வைக் கொடுங்கள். டிவிடி என்றால் ஒரே ஐஎஸ்ஓ ஃபைல் வரும். சிடி என்றால் பின், க்யூ என்று இரண்டு ஃபைல்கள், அதை ஐஎஸ்ஓவாக மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல டிஸ்க் ஒன்று கால் மணி நேரத்தில் முடிந்தது. என் கிரிக்கெட் 07 டிஸ்க்கில் மட்டும் ஒரு கீறல், அதே இடத்தில் டிரைவ் கரகரவென்று திரும்பத் திரும்பப் படித்தது. வேகத்தைக் குறைத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது முடிந்திருந்தது.

முடிந்ததாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். ரீடம்ப் என்ற பொதுப் பட்டியலில், ஒவ்வொரு டிஸ்க்கின் சரியான நகலுக்கும் எம்டி5 எண், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற ஓர் எண், கொடுத்திருக்கிறார்கள். அங்கே கேம் இல்லை, எண் மட்டும்தான். டிவிடி நகலின் எம்டி5-ஐக் கணக்கிட்டு ஒப்பிட்டால் ஓர் எழுத்துக்கூடத் தப்பவில்லை என்று உறுதியாகும். கிரிக்கெட் 07 பொருந்திய அன்று இரண்டு பேரும் கைதட்டினோம், கடைக்கு வந்த ஆள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஓபிஎல்-லில் ஏற்றுவது

பென்டிரைவில் டிவிடி, சிடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு ஃபோல்டர். ஐஎஸ்ஓவை அதற்குரியதில் போடுங்கள். பழைய ஓபிஎல்-லுக்கு ஃபேட்32 ஃபார்மேட்தான் தெரியும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால் பெரிய கேமை வெட்டி வைக்க வேண்டியிருந்தது. 1.2 பீட்டாவிலிருந்து எக்ஸ்ஃபேட் ஓடுகிறது, அதையே எடுங்கள். பென்டிரைவைப் புதிதாக ஃபார்மேட் செய்து, கேம்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பி செய்யுங்கள். நடுவில் அழித்து, நிரப்பி, மறுபடி அழித்தால் ஃபைல் துண்டு துண்டாக உட்கார்ந்துவிடும். அதிகம் துண்டான ஃபைலை ஓபிஎல் ஓட்டாது.

அடுத்து நீங்கள் திட்டப்போகும் விஷயம் வேகம். பிஎஸ்2-வின் யூஎஸ்பி 1.1 காலத்தது. நடைமுறையில் நொடிக்கு 1 எம்பி கிடைத்தால் அதிகம். டிஸ்க் டிரைவோ 4எக்ஸ் வேகத்தில் 5 எம்பிக்கு மேல் கொடுக்கும். அதனால் கேம் பெரும்பாலும் ஓடும், நடுவே வரும் வீடியோ காட்சிகள் மட்டும் திக்கித் திக்கி வரும். விலையுயர்ந்த பென்டிரைவ் வாங்கினாலும் இது மாறாது, அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

குண்டு மாடல் என்றால் நெட்வொர்க் அடாப்டரோடு உள்ளே ஹார்ட் டிஸ்க் போடலாம், அதுதான் ராஜ வழி. ஒல்லி மாடலில் நெட்வொர்க் வயர் செருகும் இடம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து ஓபிஎல் படிக்க எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையைத் திறக்க வேண்டும். 2017-ல் வான்னாக்ரை புழு பரவியது அதே எஸ்எம்பி 1 வாசல் வழியாகத்தான். கடைக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் நான் திறக்க மாட்டேன். தனியாக ஒரு பழைய லேப்டாப் இருந்தால் செய்யுங்கள். நான் கடைசியில் எம்எக்ஸ்4எஸ்ஐஓ அடாப்டர் வாங்கினேன். எஸ்டி கார்டை உள்ளே வைத்து மெமரி கார்டு ஸ்லாட்டில் செருகுவது அது. யூஎஸ்பியைவிட வேகம், வீடியோ சீராக வருகிறது.

கேம் கறுப்புத் திரையில் நின்றால் ஐஎஸ்ஓவைக் குறை சொல்வதற்கு முன், ஓபிஎல்-லில் அந்தக் கேமின் அமைப்புக்குள் போய் மோடு 1, மோடு 2 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும்.

250 கேம் கேட்டு வந்தவர்

இந்த வேலை நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஒருவர் பிஎஸ்2-வும் வெற்று ஹார்ட் டிஸ்க்குமாக வந்தார். "250 கேம் போட்டுக் குடுங்க, 1,500 தர்றேன்" என்றார். கார்டு போட்டுத் தருகிறேன், உங்களிடம் டிஸ்க் இருந்தால் நகலும் எடுத்துத் தருகிறேன் என்றேன். "டிஸ்க்கெல்லாம் யார்கிட்ட சார் இருக்கு?" என்று சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அங்கே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

மாப்ள பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கட்சி மாறி வாதாடினான். அந்தக் கேமையெல்லாம் இன்று கடையில் வாங்கவே முடியாதே, பிஎஸ்2 உற்பத்தியே நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறதே, யாருக்கு நஷ்டம் என்றான். அவன் பக்கத்திலும் பலம் இருக்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று கண்டார்கள். கம்பெனி விற்கவும் மாட்டேன், வைத்திருக்கவும் விடமாட்டேன் என்றால் அந்தக் கேம் எங்கே போகும்?

ஆனால் அந்த 87-க்குள் இல்லாததைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சான் ஆண்ட்ரியாஸ் 2021-ல் புதுப்பித்து வந்தது, இன்றும் விற்கிறது. யாரும் வந்து "மறந்துபோன கேம் ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டதில்லை. பாதுகாப்பது என்ற பெயரில் 250 கேமுக்கு 1,500 வாங்குவது வியாபாரம். அதில் ஒரு பைசா எழுதினவனுக்குப் போவதில்லை, ஓபிஎல் எழுதினவர்களுக்கும் போவதில்லை.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, நியாயமாகத் தன்னிடம் உள்ள கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத் தொலைந்துபோனால், கெட்டுப்போனால் என்று காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைப் பற்றியது. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்றுதான் அதில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இந்த அளவு இடம் கொடுப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கை நிரப்பி விற்கிறவர் மாட்டினால் 63-வது பிரிவு: ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 1,500 ரூபாய்க்கு இது தேவையா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருக்கும் ஒரு பை

கன்சோலோடு ஒரு சிடி பையும் பரணிலிருந்து இறங்கியது. ஜிப் வைத்தது, 64 டிஸ்க் கொள்ளும். நாலே நாலு மட்டும் ஒரிஜினல், அவற்றின் நகல்தான் இப்போது எஸ்டி கார்டில் ஓடுகிறது. மற்ற அறுபதும் 60 ரூபாய்க் காப்பிகள், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியவை. ஒன்றில் காட் ஆஃப் வார் 2 என்று எழுதியிருக்கிறது. ஒரிஜினல் இரட்டை அடுக்கு டிவிடியில் வந்த கேம் அது. அதை வெட்டிச் சுருக்கி ஒரே அடுக்கு டிஸ்க்கில் அடைத்து விற்றார்கள். பாதி வீடியோ இருக்காது. கதை புரியாமலே முழுக்க ஆடி முடித்தேன்.

"இதெல்லாம் என்ன மாமா பண்றது? டிஸ்க் மேசைக்கு வந்துடுச்சுல்ல?" என்றான்.

பதில் சொல்லாமல் ஒன்றை டிரைவில் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் மேல் பூச்சு உரிந்திருந்தது. 11 சதவீதத்தில் நின்றது. அடுத்தது 40-ல். மூன்றாவது படிக்கவே இல்லை. ஜிப்பை இழுத்து மூடி அவனிடமே கொடுத்தேன். அக்கா வீட்டில் வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள், பரணில் இடம் இருக்கிறது.